வாய்க்காலுக்குள் வீசும் புயல்

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை, வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசியது. காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அந்தக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் கொடுத்த அழுத்தத்தை, நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் வாய்க்கால் தண்ணீரும் ஏறக்குறைய அப்படியே கொடுக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் என்பது பேசிக்கொண்டே வரப்பில் நடப்பவரின் வேகம். கணக்கு எளிது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 830 மடங்கு அடர்த்தி கொண்டது. அழுத்தம் அடர்த்திக்கு நேராகவும் வேகத்தின் இருமடிக்கு நேராகவும் கூடும். 830இன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 29. ஆகவே நொடிக்கு 1 மீட்டர் ஓடும் நீர், நொடிக்கு 29 மீட்டர் வீசும் காற்றுக்குச் சமம். அதாவது மணிக்கு 104 கிலோமீட்டர்.

புயல் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பாசன வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் நாலரை மாதம் ஓடும். அத்தனை நாளும் அதற்குள் நின்று இலை விட்டு, கிளைத்துப் பெருகும் செடிகள் இருக்கின்றன. தென்னையைச் சாய்த்த விசையில் பென்சில் கனம்கூட இல்லாத தண்டு எப்படி நிற்கிறது என்பது இக்கட்டுரையின் முதல் கேள்வி. அது நிற்கும் விதம் கடைமடைக்குப் போகும் தண்ணீரை என்ன செய்கிறது என்பது இரண்டாவது கேள்வி. இரண்டாவதற்கு நம் ஊர்களில் பேசப்படும் பதில் பாதிதான் சரி என்று நினைக்கிறேன்.

பாடாலூரை வைத்துக்கொண்டு நீர்த்தாவரம் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊரும் அதைச் சுற்றிய ஆலத்தூர் வட்டமும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் விளையும் மண். பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு மழையை நம்பி ஓடுவது. ஆனால் பாடாலூரிலிருந்து ஊட்டத்தூர் வழியாகத் தெற்கே இறங்கினால் புள்ளம்பாடி வந்துவிடும். நிலத்தின் நிறமே மாறும். முக்கொம்பு அருகே வாத்தலையில் தலைப்பெடுக்கும் புள்ளம்பாடி வாய்க்கால் சுமார் 90 கிலோமீட்டர் ஓடி, திருச்சி, அரியலூர் மாவட்டங்களில் 22,114 ஏக்கருக்குப் பாய்கிறது. வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து டிசம்பர் நடுவில் அடைப்பார்கள். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம், சுமார் 454 ஹெக்டேர் ஏரி, இந்தக் காவிரி நீரை நம்பித்தான் நிறைகிறது. குளிர்காலத்தில் இமயம் தாண்டி அங்கே வரும் வரித்தலை வாத்துக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டமும் ஒரு கவலைதான்.

வாய்க்காலிலும் ஏரியிலும் தண்ணீருக்குள் வளர்வதை எல்லாம் பொதுவாகப் பாசி என்று சொல்லிவிடுகிறோம். அவற்றில் பல பூக்கும் தாவரங்கள். பள்ளிச் சோதனைக்கூடத்தில் புனலுக்கு அடியில் வைத்து ஆக்சிஜன் குமிழி எண்ணிய ஹைட்ரில்லா அவற்றில் ஒன்று. நாடாபோல் நீண்ட இலை கொண்ட வாலிஸ்நேரியா இன்னொன்று. இவற்றின் தண்டில் மரத்தன்மை ஏறக்குறைய இல்லை. தரையில் நிற்கும் செடி தன் எடையைத் தானே சுமக்க வேண்டும். நீருக்குள் அந்தச் சுமையை மிதப்பு விசை ஏற்றுக்கொள்கிறது. இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும் ஓடும் காற்றறைகள் செடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கின்றன. எஞ்சியிருக்கும் ஆபத்து இழுபடுவது மட்டும்தான். அதற்கு விறைப்பு தேவையில்லை; அறுபடாத நாரும் பிடிவிடாத வேரும் போதும்.

விறைப்பான ஒரு பொருளை ஓடும் நீரில் நட்டால், வேகம் இரு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பது. வளையும் பொருள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த உயிரியலாளர் ஸ்டீவன் வோகல் 1989இல் வெளியிட்ட ஆய்வில் இலைகளைக் காற்றுச்சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார். காற்று ஏற ஏறப் பல இலைகள் கூம்புபோலச் சுருண்டு தம் பரப்பைக் குறைத்துக்கொண்டன. இழுவிசை வேகத்தின் இருமடியாக ஏறாமல் அதைவிட மெதுவாக ஏறியது. இந்தக் குறைவை அளக்கும் எண்ணுக்கு இன்று வோகல் அடுக்கு என்று பெயர். 2002இல் சைலஸ் ஆல்பென், மைக்கேல் ஷெல்லி, ஜுன் சாங் மூவரும் நியூயார்க்கில் இன்னும் துல்லியமாக ஒன்று செய்தார்கள். மேலிருந்து கீழே வழியும் சோப்புப் படலத்தின் நடுவே மெல்லிய கண்ணாடி இழை ஒன்றைப் பிடித்து, ஓட்டத்தை ஏற்றினார்கள். இழை நன்றாக வளைந்த பிறகு இழுவிசை வேகத்தின் இரண்டாம் அடுக்கிலிருந்து மூன்றில் நான்கு என்ற அடுக்குக்கு, அதாவது 4/3க்கு இறங்கியது. இப்போது வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு ஆவதில்லை, இரண்டரை மடங்குதான். வேகம் மூன்று மடங்கானால் ஒன்பதுக்குப் பதில் நான்கு சொச்சம்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மிதுல் லுஹாரும் ஹெய்டி நெப்பும் 2011இல் இதை நீர்த்தாவரங்களுக்குப் பொருத்தினார்கள். அவர்களின் வழியில் இரண்டு போட்டிகளைப் பார்த்தால் போதும். நீர் தள்ளும் விசைக்கும் இலையின் விறைப்புக்கும் நடுவே ஒன்று. இலையை நிமிர்த்தும் மிதப்புக்கும் அதே விறைப்புக்கும் நடுவே மற்றொன்று. நீர் மெல்ல ஓடும்போது மிதப்பு வெல்கிறது, இலை நிமிர்ந்து நிற்கிறது. வேகம் கூடக் கூட அது படுக்கிறது. படுத்த இலையின் நீளத்தில் ஒரு பகுதிதான் நீரை எதிர்க்கிறது. மீதி நீரோடு சேர்ந்து நீண்டு கிடக்கிறது. எதிர்க்கும் அந்த நீளம் வேகத்தோடு குறையும் வீதத்தைக் கணக்கிட்டால் சோப்புப் படலத்தில் கண்ட அதே 4/3 வருகிறது. இதில் இலையின் நீளத்துக்கு ஒரு பெரிய பங்குண்டு: அகலமும் கனமும் மாறாமல் நீளம் மட்டும் இரட்டித்தால், நீர் தள்ளும் விசைக்கும் இலையின் விறைப்புக்கும் உள்ள விகிதம் எட்டு மடங்கு ஏறும். நீண்ட நாடா இலை முதலில் படுப்பதும் குட்டை இலை கடைசி வரை நிமிர்ந்து நிற்பதும் இதனால்தான்.

ஆனால் படுப்பது இலவசமல்ல. படுத்த இலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெயிலை மறைக்கின்றன. கரியமில வாயு தண்ணீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இலையை ஒட்டிய நீர்ப்படலம் புதிதாகிக்கொண்டே இருந்தால்தான் செடிக்குச் சாப்பாடு. அசையாமல் ஒட்டிப் படுத்த இலை, இழுவிசையில் பிழைத்துப் பட்டினியில் வாடும்.

இந்த இக்கட்டை மிக அழகாகக் காட்டியது கடற்பாசி ஒன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் நெரியோசிஸ்டிஸ் என்ற பெரிய கடற்பாசி, வேகமான ஓட்டத்தில் ஒடுங்கிய தட்டையான இலைகளை விடுகிறது. அமைதியான நீரில் விளிம்பு முழுவதும் கொசுவம் வைத்த அகன்ற இலைகளை விடுகிறது. தட்டை இலைகள் ஓட்டத்தில் ஒன்றாக ஒடுங்கி இழுவிசையைத் தவிர்க்கின்றன. கொசுவ இலைகள் படபடவென்று அடித்துக்கொண்டு, ஒன்றையொன்று மறைக்காமல் வெயில் வாங்குகின்றன. இடம் மாற்றி வைத்தால் புதிதாக வளரும் பகுதி புதிய ஓட்டத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு மாறிவிடுகிறது. இலையின் நடுவைவிட விளிம்பு வேகமாக வளர்ந்தால் மிஞ்சிய நீளத்துக்குப் போக இடமின்றி விளிம்பு நெளிகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். மிமி கோயல் முதலானோர் 2008இல் வெளியிட்ட இந்த ஆய்வின் கணித விளக்கத்தில் பங்கேற்றவர், சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவன்.

ஒரு செடி வளைவதைப் பார்த்தோம். கூட்டமாக நிற்கும்போது வேறொன்று நடக்கிறது. தண்ணீர் சீராக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் புற்பரப்பின்மேல் அலை ஒன்று பின் ஒன்றாகப் போகும். கொள்ளிடக் கரை வயலில் காற்றடிக்கும்போது நெற்பயிர்மேல் ஓடும் அலைதான் இது, நீருக்கு அடியில். வயலில் தெரியும் அலையை ஜப்பானில் இனோவே 1955இலேயே ஆராய்ந்து ‘ஹொனாமி’ என்றார். 1993இல் ஜோசப் ஆக்கர்மேனும் அகிரா ஒகுபோவும் கடற்புல்லில் அதையே கண்டு ‘மொனாமி’ என்று பெயரிட்டார்கள்.

இலைகள் கொடிபோலத் தாமாகப் படபடப்பதால் அலை எழுகிறது என்றுதான் முதலில் தோன்றும். அலையை எழுப்புவது நீர். புல்லுக்குள் ஓட்டம் மந்தம், புல்லுக்கு மேல் வேகம். இரண்டும் சந்திக்கும் தளத்தில் ஓட்டம் நிலையாக இருக்க முடியாமல் சுருண்டு, உருளைபோன்ற சுழல்களாகப் பிரிகிறது. ஒரு சுழல் கடக்கும்போது வேகநீர் கீழே பாய்ந்து இலைகளை அமுக்குகிறது. கடந்ததும் உள்ளிருந்த மந்தநீர் மேலே எழ, இலைகள் நிமிர்கின்றன. மார்கோ கிசல்பெர்ட்டியும் நெப்பும் 2002இல் இதைச் சோதனைத் தொட்டியில் அளந்து காட்டினர். 2016இல் ரவி சிங், மகேஷ் பாண்டி, அமலா மகாதேவன், ஷ்ரேயஸ் மாந்திரே ஆகியோர் புல்லின் இழுவிசையையும் கணக்கில் சேர்த்தபோது, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அலை பிறக்கவே பிறக்காது என்று தெரிந்தது. புல்தான் சிறு நெளிவுகளை அணைத்துவிடுகிறது. அந்த வரம்பைத் தாண்டினால் அலை. செடிக்கு இதனால் லாபம் உண்டு. ஒவ்வொரு சுழலும் பழைய நீரை வெளியே எடுத்துப் புதிய நீரை உள்ளே விடுகிறது. படுத்த இலைகளுக்கு இடையே வெயிலுக்கு வழி திறக்கிறது.

சுழல்கள் மேற்பகுதியைக் கலக்கினாலும் அடியில் நீர் மந்தமாகவே இருக்கிறது. மந்தமான இடத்தில் வண்டல் படியும். இதன் பலன் இடத்துக்கு இடம் எதிரெதிராக மாறுகிறது. பாக் விரிகுடாவில் அது வரம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு பாதுகாப்பகத்துக்குள் சுமார் 12,250 ஹெக்டேர் கடற்புல்வெளி இருக்கிறது. புல் வண்டலைப் பிடிக்கிறது, நீர் தெளிகிறது, தெளிந்த நீரில் வெயில் இறங்குகிறது, புல் தழைக்கிறது. புல்வெளி அழிந்த இடத்தில் இந்தச் சக்கரம் தலைகீழாகச் சுழலும் என்பதால் மீண்டும் நடுவது கடினம். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி அதில் கடற்புல் தண்டுகளைப் பிணைத்துக் கடலடியில் இறக்கும் முறை அங்கே பயன்படுவது, வேர் ஊன்றும்வரை இழுவிசையைச் சட்டம் தாங்கட்டும் என்பதற்காக.

பாடாலூர்க்காரர்களுக்குக் கடல் தூரம் என்று சொல்லவும் முடியாது. ஊட்டத்தூர், காரை, அரியலூர்ப் பாறைகள் கிரெட்டேசியக் காலக் கடலின் அடிமண். அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் அரியலூர் வாரணவாசி அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம். அரியலூர்ப் பாறைத்தொகுதியின் மேலடுக்குகள் படிந்த அதே மாஸ்ட்ரிக்டியக் காலத்தில்தான், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பகுதியில் உலகின் மிகப் பழைய கடற்புல் படிவங்களில் சில பதிந்தன. நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிய பூக்கும் தாவரங்கள் வளையக் கற்றுக்கொண்ட காலம், இங்கே அம்மோனைட்டுகள் நீந்திய காலத்தின் கடைசிப் பகுதி.

கடலில் வரமாக இருப்பது வாய்க்காலில் தலைவலி. பொறியாளர்கள் வாய்க்காலின் சொரசொரப்பை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். அயர்லாந்துக்காரர் ராபர்ட் மேனிங்கின் பெயரால் அதை மேனிங் எண் என்பர். எண் மூன்று மடங்கானால், அதே ஆழத்திலும் சரிவிலும் நீர் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். வென் தே சோவ் 1959இல் எழுதிய பாடநூலில், குட்டைப் புல்லும் கொஞ்சம் களையும் உள்ள மண் வாய்க்காலுக்கு 0.027, நீர்மட்டம் வரை அடர்ந்த களை நிற்கும் வாய்க்காலுக்கு 0.08 என்று வழக்கமான மதிப்புகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட மும்மடங்கு. ஆனால் இப்படி ஒற்றை எண்ணாக எழுதியதில்தான் வளைவு மறைந்துபோனது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் நீரியல் ஆய்வகத்தில் ரீயும் பால்மரும் புல் வளர்த்த வாய்க்கால்களில் நீர் விட்டு அளந்து, 1949இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த புற்களில் ஒன்று, அங்கே பெர்முடா புல் என்று பெயர் எடுத்த நம் அறுகம்புல். ஓட்டத்தின் வேகமும் ஆழமும் கூடக் கூட மேனிங் எண் பல மடங்கு இறங்கியது, புல் படுத்துவிட்டது. 1973இல் கனடாவில் நிக்கலஸ் கௌவனும் டி.இ. உன்னியும் நெகிழி நாடாக்களை நட்டு, இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள்: நிமிர்ந்து நிற்பது, அலையாடுவது, படுத்துக் கிடப்பது. மூன்றாம் நிலையில் தடை வெகுவாகக் குறைகிறது.

இதைப் புள்ளம்பாடி வாய்க்காலுக்குக் கொண்டுவந்தால் என்ன கிடைக்கிறது? வளையும் களை அதிகம் தடுப்பது வெள்ளத்தில் அல்ல. தண்ணீர் குறைவாகவும் மெதுவாகவும் வரும்போதுதான். தலைமடையில் நீர் நிறைய, வேகமும் உண்டு, செடி படுத்து வழி விடுகிறது. மதகு மதகாகப் பிரிந்து கடைமடைக்கு வரும்போது நீர் மெலிந்துவிடும், செடி நிமிர்ந்துவிடும். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் தடை இன்னும் கூடும். கடைமடை விவசாயி தலைமடைக்காரரைக் குறைசொல்வது வழக்கம். குறையில் ஒரு பங்கு இயற்பியலுக்கும் உரியது. அதே அளவு களை இருந்தாலும் அது கடைசிப் பத்து கிலோமீட்டரில் செய்யும் கேடு முதல் பத்தில் செய்வதைவிட அதிகம். தூர்வாரும் பணம் குறைவாக இருந்தால் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே பதில்.

எந்தச் செடியை என்பதற்கும் ஒரு பதில் உண்டு. நெய்வேலிக் காட்டாமணக்கு வளையாது. அதன் தண்டு இருமடிக் கணக்குக்கு முழுதாகக் கட்டுப்பட்டது; வெள்ளம் வரும்போது விசையும் ஏறும், மிதந்து வரும் குப்பையும் அதில் சிக்கும். சம்பங்கோரை அதற்கு அடுத்தது. கண்ணுக்குப் பசேலென்று தெரியும் ஹைட்ரில்லா பெருவெள்ளத்தில் இவற்றைவிட அடக்கமானது. ஆனால் அதன் வேறொரு குணம் ஆபத்தானது: மண்ணுக்குள் கிழங்கு வைத்து, வாய்க்கால் காயும் மாதங்களைத் தாண்டிவிடும். 1950களில் மீன்தொட்டி வணிகம் வழியே இலங்கையிலிருந்து போன ஹைட்ரில்லா ப்ளோரிடாவின் ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்தது இந்தக் குணத்தால்தான். மேலாக அறுத்தால் போகாது.

முழுக்க வழித்தெடுப்பதுதான் ஒரே வழியா என்றால், இல்லை. தடையைத் தீர்மானிப்பது வாய்க்காலின் குறுக்குவெட்டில் களை எவ்வளவு பங்கை அடைக்கிறது என்பதே. டென்மார்க்கில் 1982ஆம் ஆண்டு நீரோடைச் சட்டத்துக்குப் பிறகு, கரையோரச் செடிகளை விட்டுவிட்டு நடுவே நெளிந்து செல்லும் ஒரு தடத்தை மட்டும் வெட்டும் வழக்கம் பரவியது. நீருக்கு வழி கிடைக்கிறது, மீனுக்கும் பூச்சிக்கும் இடம் மிஞ்சுகிறது. சோவின் எண்களை வைத்துத் தோராயமாகப் போட்டால், அடர்ந்த களையில் மூன்றில் ஒரு பங்கு ஓடும் வாய்க்காலில் பாதி அகலத்தைத் திறந்தாலே மூன்றில் இரண்டு பங்கு ஓடும். விளிம்பு உராய்வால் இது கொஞ்சம் குறையலாம். கரைவெட்டி ஏரிக்குள் இதைச் செய்ய வேண்டியதில்லை. அங்கே நாமக்கோழிக்கும் வாத்துக்கும் நீர்ச்செடிதான் உணவு. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் செய்யலாம். ஆகஸ்ட் திறப்புக்கு முன் காட்டாமணக்கையும் சம்பங்கோரையையும் வேரோடு எடுப்பது ஒரு வேலை. தண்ணீர் ஓடத் தொடங்கி, ஹைட்ரில்லா மேலெழும் செப்டம்பரில் நடுத்தடம் வெட்டுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையில் வெட்டுவதைவிட வாரிக் கரையேற்றுவதற்குத்தான் ஆள் அதிகம் வேண்டும். ஹைட்ரில்லாவின் ஒரு கணு போதும், துளிர்த்துவிடும். வெட்டி அப்படியே விட்ட துண்டுகள் நீரோடு போய்ச் சேரும் இடம் கடைமடை மதகு.